கீறுவது வெயிலா, நம் துணியா?

கறுப்புக் கார் கடையில் நிற்கும்போது ராஜா மாதிரி இருக்கும். வாங்கி ஆறு மாதம் ஆனதும் இரவில் பெட்ரோல் நிலைய விளக்கடியில் நிறுத்திப் பாருங்கள். பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். "நம்ம ஊர் வெயில் அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை நாம் துடைத்தபோது விழுந்தவை.

கறுப்புச் சாயத்தின் மேல் நிறமில்லாத மேற்பூச்சு ஒன்று இருக்கிறது. கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு. கார் கடனை 9 ஆண்டு வரை கட்டுகிறோம். அத்தனை ஆண்டும் தாங்க வேண்டியது இந்த முடியளவுப் பூச்சுதான். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் விழும், ஆனால் கண்ணில் படாது. கறுப்பு எதையும் மறைக்காது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பழைய டீ-சட்டையால் தூசியைத் துடைக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். காய்ந்த தூசியில் மணல் இருக்கும். துணி அதை இழுத்துக்கொண்டே போய்க் கோடு போடும். ஒரு நாள் தூசியோடு போனால் குறைந்துவிடாது.

கழுவுவதற்குக் காலை 9 மணிக்கு முன்போ, மாலை வெயில் தணிந்த பிறகோ நல்ல நேரம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கழுவி விடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். டயருக்குத் தனித் துணி. தட்டு கழுவும் சவர்க்காரம் வேண்டாம், மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும்; மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கார் கழுவும் கடைக்குப் போகிறவர்கள், சொந்தமாக இரண்டு துணி கொண்டுபோவது நல்லது. அங்குள்ள துணி முந்தைய காரில் எதைத் துடைத்ததோ!

கிள்ளான்வாசிகளுக்குக் காகத் தொல்லை வேறு. 1890களில் காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட காகங்களின் வாரிசுகள் அவை. பிரிக்பீல்ட்ஸில் மரத்தடியில் நிறுத்துபவர்களும் பறவைகளுக்குத் தப்புவதில்லை. எச்சத்தில் உள்ள அமிலம் வெயிலில் சூடேறினால் மேற்பூச்சை அரித்துவிடும். சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். ஈரத் துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

இந்த அமிலத்துக்கும் பூச்சுக்கும் நடுவே நிற்பதுதான் மெழுகு. கார்னௌபா என்ற பெயரை டப்பாவில் பார்த்திருப்பீர்கள். பிரேசிலின் வறண்ட பகுதியில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. கழுவித் துடைத்த காரில், நிழலில், மெல்லிய பூச்சாகப் பூசினால் போதும். மெழுகு வேறு, பாலிஷ் வேறு. பாலிஷ் கீறலைப் போக்குவது மேற்பூச்சைத் தேய்த்துத்தான். தீபாவளிக்குத் தீபாவளி பாலிஷ் போட்டால், அந்த முடியளவும் மெலிந்துகொண்டே வரும்.

மெழுகு தீர்ந்ததா என்று மாலை மழை காட்டிவிடும். பானெட்டில் துளிகள் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பாய் விரித்தாற்போல் படர்ந்தால், அடுத்த ஞாயிறு காலை அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.