சிற்றூர்களுக்கும் ஆகாய மார்க்கம் வேண்டும்

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரில், முருகன் கோயில் கொண்டிருக்கும் குன்றின்மீது சிறிது நேரம் நின்று கிழக்கே நோக்குவோர், மீனம்பாக்கத்தில் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் இடைவிடாது காணலாம். அவற்றின் இரைச்சலையும், அவற்றின் பொருட்டுக் கட்டிடங்களின் உயரத்திற்கு விதிக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டையும் சுற்றுப்புற ஜனங்கள் பொறுத்து வருகிறார்கள். பொறுப்பவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமையுண்டு. இவ்விமானங்கள் யாருக்காகப் பறக்கின்றன?

அவற்றில் பெரும்பாலானவை சுமார் 180 ஆசனங்களும் அதற்கு மேலும் கொண்டவை. டெல்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் அவை மணிக்கு மணி போகின்றன. வேலூரும் நெய்வேலியுமோ உதான் திட்டத்தின் பட்டியலில் பெயர் ஏறிய பின்னரும் வருஷக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சேலத்திற்கு 2018-ம் வருஷம் மார்ச் மாதம் வந்த விமானம் இடையில் நின்று போயிற்று. 2023-ம் வருஷம் அக்டோபரில்தான் மறுபடியும் விமானத்தைக் கண்டார்கள் சேலத்தார். பெருநகரத்தானுக்கு நித்திய வசதியாயிருப்பது சிற்றூரானுக்கு விருந்தாளியைப் போல் வந்து போவது நியாயமாகுமா?

குறை எங்கே இருக்கிறது? ஜனங்களிடத்தில் பணமில்லை என்பார்கள் சிலர். நாம் அதை ஒப்பவில்லை. ஊருக்கேற்ற விமானம் இல்லாததே முதற் குறை என்பது நமது அபிப்பிராயம். ஓர் ஊரிலிருந்து தினந்தோறும் 120 பேர் பிரயாணம் செய்ய வருவதாக வைத்துக் கொள்வோம். 180 ஆசன விமானம் ஒரு தடவை போனால் 60 ஆசனங்கள் காலி. காலையில் போனவன் மாலையில் திரும்ப வழியுமில்லை. 76 ஆசன விமானம் இரண்டு தடவை போனால் காலி 32 தான். போன காரியத்தை முடித்து அன்றிரவே வீடு சேரலாம். தலைக்கு ஆகும் செலவு சிறு விமானத்தில் சற்று அதிகமென்பது மெய்யே. ஆனால் ஒரு தடவை பறக்க ஆகும் மொத்தச் செலவு குறைவு. காலியான ஆசனத்திற்கு யாரும் கட்டணம் கொடுப்பதில்லை என்பதைக் கணக்கு எழுதுவோர் மறக்கலாகாது.

சிறு விமானத்திலும் இரு வகை உண்டு. இறக்கைச் சுழலி கொண்ட ஏ.டி.ஆர். விமானம் எரிபொருளைச் சிக்கனமாய்ச் செலவிடும். குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். தூத்துக்குடி ஓடுபாதை 1,350 மீட்டராயிருந்த காலத்தில் அவ்வூருக்கு விமானத் தொடர்பைக் காத்தவை இத்தகைய விமானங்களே. அவை வளர்த்த போக்குவரத்தின்மீதே 3,115 மீட்டர் ஓடுபாதையும், 2025-ம் வருஷம் ஜூலையில் திறக்கப்பட்ட புதிய நிலையமும் எழுந்தன. ஆனால் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அவ்விமானம் சேலத்திலிருந்து டெல்லிக்கு உதவாது. தூரம் அதிகம், பிரயாணிகள் குறைவு என்ற மார்க்கங்களுக்கென்றே 70 முதல் 100 ஆசனம் வரையுள்ள சிறு ஜெட் விமானங்கள் ஏற்பட்டிருக்கின்றன.

இவ்வகை ஜெட்டை நம் நாட்டிலே துணிந்து ஓட்டியவர் தமிழரே என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். மதுரை மில் தொழிற் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் 2005-ம் வருஷம் அக்டோபரில் பாராமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கினார்கள். பிரேஸில் தேசத்து எம்பிரேயர் ஜெட்டுகள், 70-75 ஆசனங்கள், சென்னை, மதுரை, கோவை முதலிய ஊர்கள் என்று அவர்கள் திட்டம் அமைத்தனர். 80 ஆசனத்திற்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணமில்லை என்ற சலுகையும் துணை நின்றது. ஆயினும் குத்தகைக்கு விமானம் கொடுத்தவர்களுடன் வழக்கு மூண்டது. 2010-ல் சேவை நின்றது. விஜயவாடாவிலிருந்து 2013-ல் கிளம்பிய ஏர் கோஸ்டாவும் அதே வகை ஜெட்டுகளை ஓட்டி, குத்தகைப் பாக்கியில் சிக்கி 2017-ல் ஓய்ந்தது.

இவற்றைக் காட்டிச் சிறு ஜெட் நமக்கு ஆகாது என்பது தவறான தீர்ப்பு. 2019-ல் பெலகாவி, ஹூப்ளி முதலிய ஊர்களை நம்பித் தொடங்கிய ஸ்டார் ஏர் 50 ஆசன ஜெட்டில் ஆரம்பித்து 76 ஆசன ஜெட்டுக்கு உயர்ந்திருக்கிறது. ஒரே வகை ஏர்பஸ் விமானத்தையே கொள்கையாகக் கொண்டிருந்த இண்டிகோவும் 2017-ம் வருஷக் கடைசியில் ஏ.டி.ஆர். விமானத்தைச் சேர்த்துக் கொண்டது. வகை கூடினால் விமானிகளின் பயிற்சியும் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பும் தனித்தனியே ஆகும். அச்செலவு தெரிந்தும் அப்பெரிய கம்பெனி இறங்கியதென்றால், சிற்றூர் வியாபாரத்தில் சாரம் இருக்கிறதென்றே அர்த்தம். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் தம் பெயரிலேயே சிறு கம்பெனிகளைக் கொண்டு 76 ஆசன ஜெட்டுகளை ஓட்டுவிக்கின்றன. சிறு ஊரில் ஏறியவன் பெருநகரில் இறங்கி அதே கம்பெனியின் பெரிய விமானத்தில் ஏறுகிறான். வாய்க்கால் இல்லாமல் ஏரி நிரம்புமா?

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தும், அடக்குமுறையை ஏவியும் அதை வீழ்த்தினர். இன்று அந்நிய ஆட்சி இல்லை. ஆனால் போதிய முதலும், பொறுமையும், சர்க்காரின் நிலையான ஆதரவும் இல்லாவிடில் சிறியவன் பெரியவன் முன் நிற்க முடியாது என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

ஆகையால் நாம் கோருவது மூன்று. முதலாவது, உதான் மானியம் மூன்று வருஷத்தோடு முடிவதால், மானியம் தீர்ந்த மறுநாளே விமானமும் மறையும் நிலை ஏற்படுகிறது. கட்டம் கட்டமாகக் குறைத்து, கம்பெனி சொந்தக் காலில் நிற்கும்வரை அதை நீட்டிக்க வேண்டும். இரண்டாவது, மீனம்பாக்கத்தில் சிறு விமானமும் பெரிய விமானத்தைப் போலவே ஓடுபாதை நேரத்தை எடுத்துக் கொள்வதால், நெருக்கடி வந்தால் முதலில் தள்ளப்படுவது சிறு விமானமே. காலையிலும் மாலையிலும் உள்ளூர்ச் சிறு விமானங்களுக்கென நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்றாவது, குத்தகையை மட்டும் நம்பி வாழ்வது வீடில்லாதவன் குடித்தனம். 2025-ம் வருஷம் அக்டோபரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஸ்தாபனம் ருஷ்யக் கம்பெனியுடன் எஸ்.ஜே.-100 என்னும் சிறு ஜெட்டை இங்கே கட்ட ஒப்பந்தக் குறிப்பில் கையொப்பமிட்டது. காகிதம் விமானமாக வேண்டும். அதற்குக் காலக்கெடு விதித்து ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

1932-ம் வருஷம் அக்டோபரில் கராச்சியிலிருந்து டாடா கம்பெனியின் தபால் சென்னைக்கு வந்தது ஒற்றை எஞ்சின் கொண்ட மிகச் சிறு விமானத்தில்தான். சிறிதில் தொடங்கிய தேசம் சிறியதை இகழலாகாது. குன்றத்தூரின் தலைக்குமேல் கேட்கும் இரைச்சலில் சேலத்தானுக்கும் நெய்வேலியானுக்கும் பங்கு கிடைக்கும் நாளில்தான், அதைப் பொறுத்த ஜனங்களின் பொறுமைக்கு அர்த்தம் உண்டாகும்.