பயோடேட்டாவும் யோக்கியப் பொறுப்பும்

சுந்தரபாண்டியத்தில் நமக்குப் பழக்கமான வாலிபர் ஒருவர், ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் கணக்கு உத்தியோகத்துக்காகத் தாம் எழுதிய பயோடேட்டாவைத் திருத்திக் கொடுக்கும்படி நம்மைக் கேட்டார். அவர் நம் இயக்கத்தவரல்ல; பக்தியுள்ளவர். தாளின் தலையில் பிள்ளையார் சுழி. பெயரோடு ஜாதிப் பட்டம். அடியில் ராசி, நட்சத்திரம். நடுவில், செய்யாத வேலைக்கு இரண்டு வருஷ அனுபவம்!

இதைக் கேட்ட நம் தோழர் ஒருவர், "பட்டம் இருந்தால் வேலையே கிடைக்காது என்று பயமுறுத்தி வெட்டிவிடுங்கள், கொள்கையும் நடந்ததாகும்" என்றார். மற்றொருவர், "அவர் நம்மவரல்லவே, எப்படியோ போகட்டும்" என்றார். இவ்விரண்டு யோசனைகளையும் நாம் கண்டிக்காமலிருக்க முடியவில்லை.

முதலாவது பச்சைப் பொய். ஜாதிப் பட்டத்தால் இந்நாட்டில் வேலை கிடைக்காது என்பது மெய்யானால், நம் இயக்கத்துக்கே வேலை ஏது? தோரட், அட்வெல் என்னும் அறிஞர்கள், தனியார் கம்பெனிகளின் 548 விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்து, முடிவை 2007-ல் வெளியிட்டார்கள். தகுதி ஒத்திருந்தும், மேல்ஜாதிப் பெயரைவிடத் தாழ்த்தப்பட்டோர் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. அமெரிக்காவில் சிக்காகோ, பாஸ்டன் நகரங்களில் நடந்து 2004-ல் வெளியான சோதனையிலும், கறுப்பர் பெயரைவிட வெள்ளையர் பெயருக்கு 100-க்கு 50 பங்கு அதிகமாக அழைப்பு வந்தது.

ஆகவே பட்டம் சில இடங்களில் கதவைத் திறக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுவதே யோக்கியம். சொல்லிவிட்டு, "உமக்குத் திறக்கும் அதே கதவு, அதே காரணத்தால் வேறொருவன் முகத்தில் சாத்தப்படுகிறது. அதனால்தான் 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடச் சொன்னது. விடுவது உம்முடைய இஷ்டம்" என்றோம். நரகத்தைக் காட்டித் தட்சணை வாங்கும் புரோகிதனுக்கும், வேலை போய்விடும் என்று பொய்யைக் காட்டிப் பட்டத்தை வெட்டுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

சர்க்கார் மனுவில் ஜாதியைக் கேட்டால் என்ன செய்வது என்பார்கள். தாராளமாக எழுதலாம். அது வகுப்புவாரி உரிமைக்கான கணக்கு. இது உயர்வு தாழ்வைக் காட்டும் விளம்பரம்.

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். நம்மவனுக்கு மட்டுமே நல்ல யோசனை என்றால், இயக்கமும் ஒரு ஜாதியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

பிள்ளையார் சுழியைப் பற்றி, "எமக்கு அதில் நம்பிக்கையில்லை, ஆனால் அதனால் வேலை கெடும் என்று சொல்ல ஆதாரமில்லை" என்று உள்ளபடியே சொன்னோம். ராசியை மட்டும், கணக்கெழுதும் திறமையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாததால், எடுத்துவிடச் சொன்னோம்.

ஆனால் பொய் அனுபவத்தில் நாம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. "எல்லோரும்தானே போடுகிறார்கள்" என்றார். எல்லோரும் செய்வதாலேயே ஒன்று சரியாகிவிடுமென்றால், தீண்டாமையும் சரிதானே? உண்மையை எழுதிய ஏழை ஒருவனின் இடத்தையல்லவா அந்தப் பொய் பறிக்கிறது?

பிறகு விசாரித்தால், தம் மாமன் மளிகைக் கடையில் நான்கு வருஷம் வரவு செலவு எழுதியவராம்! அது தாளில் எங்குமே இல்லை. "மளிகைக் கடைதானே, மதிப்பார்களா?" என்றார். இல்லாததைப் பெருமையாக எழுதவும், தாம் பாடுபட்டதை எழுதக் கூசவும் செய்தது எது? அதுதான் சுயமரியாதைக் குறைவு. அந்த நான்கு வருஷத்தை முதலில் எழுதச் சொன்னோம், எழுதினார். பொய்யை அடித்தார். ராசியை எடுத்தார். சுழியையும் பட்டத்தையும் வைத்துக்கொண்டார்.

பட்டம் போகவில்லையே என்று நமக்கு வருத்தமுண்டு. ஆனால் பொய் சொல்லிப் போக்கியிருந்தால், அது வேறொரு நாள் வேறொரு வாசலில் இரட்டிப்பாய்த் திரும்பி வந்திருக்கும். நம் சொல்லையும் அவர் அதன்பின் நம்பமாட்டார். ஆதலால் தோழர்களே! கொள்கை வேறுபட்டவர் நம்மை நம்பி ஒரு தாளை நீட்டினால், அறிந்த உண்மையை முழுதும் சொல்லுங்கள். முடிவை அவர் அறிவுக்கே விட்டுவிடுங்கள். பகுத்தறிவு எல்லோருக்கும் உண்டென்று நாம் மேடையில் பேசுவது மெய்யா, இல்லையா?