வீடு பள்ளியாகுமா?

“தாயின் மடியே முதல் பள்ளி” என்று மேடைதோறும் கேட்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் நாமும் அதை எழுதிப் பரிசு வாங்குகிறோம். அது உண்மைதான். ஆனால் அந்த முதல் பள்ளியே முழுப் பள்ளியாகவும் இருந்துவிட முடியுமா? வீட்டை விட்டு வெளியே போகாமலேயே ஒரு சிறு குழந்தை கற்க வேண்டியதையெல்லாம் கற்றுக்கொள்ளுமா? இக்கேள்வியை நான் புத்தகத்தில் படித்துவிட்டு எழுப்பவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் முள்ளிப்பட்டில் எங்கள் வீடே பள்ளியாக இருந்தது. அந்தப் பள்ளியின் ஆசிரியையும் நானே. அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஜூன் மாதம் நான் ஏழாம் வகுப்புக்கும், என் தங்கை மூன்றாம் வகுப்புக்கும், தம்பி ஒன்றாம் வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டதோ 2021 நவம்பர் 1 அன்று. அதாவது, ஒன்றாம் வகுப்பின் வாசற்படியையே மிதிக்காமல் என் தம்பி இரண்டாம் வகுப்பு மாணவனாகிவிட்டான்! இடையில் அவன் கற்றதெல்லாம் எங்கள் வீட்டு நடையில் கற்றதே.

ஆரணிப் பக்கத்து நெசவாளர் வீடு எப்படியிருக்கும் என்று நம் வாசகர் பலருக்கும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் வெளிச்சமுள்ள இடம் தறிக்கு. மீதி இடம் மனிதருக்கு. அப்பா குழித்தறியில் அமர்ந்து பட்டுச் சேலை நெய்வார். அம்மா சமையலை முடித்துவிட்டுத் தார் சுற்றுவார். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவார். அம்மா எட்டாவது வரை படித்தவர், அப்பா ஐந்தாவது. இருவருக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஆசை நிரம்ப உண்டு. நேரந்தான் இல்லை. ஆகவே பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு மூத்த பெண்ணாகிய என்மேல் வந்து விழுந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

எங்கள் பள்ளியின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குத் தறிச் சத்தம் தொடங்கும். அதுவே எங்கள் மணியோசை. வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி முடிய எட்டரை ஆகிவிடும். பிறகு நடையில் பாயை விரித்துத் தங்கையையும் தம்பியையும் உட்கார வைப்பேன். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியும் சிலேட்டுடன் வந்து சேருவாள். முதலில் தமிழ். தம்பியின் கையைப் பிடித்து எழுத்துப் போட வைப்பேன். அரசு கொடுத்த பாடப்புத்தகத்தில் தங்கைக்கு ஒரு பக்கம் வாசிப்பு. அவளைக் கவனித்தால் இவன் எழுந்து ஓடுவான். இவனை இழுத்து வருவதற்குள் அவள் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடுவாள். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அமைதியாக உட்கார வைக்கும் நம் ஆசிரியைகளை அன்றுதான் மனத்தால் வணங்கினேன்.

கணக்குப் பாடந்தான் எங்களுக்குத் திருவிழா. தார்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தேன். ஒரு கட்டு பத்து. மூன்று கட்டும் நான்கு குச்சியும் முப்பத்து நான்கு. அறுந்து விழுந்த பட்டு நூல் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து எண்ணினோம். சேலைக் கரையில் வரும் பூக்களை வைத்துத் தங்கை வாய்பாடு கற்றாள். வரிசைக்கு நான்கு பூ என்றால் ஆறு வரிசைக்கு எத்தனை? நான் கேட்டு முடிப்பதற்குள், நாடாவை நிறுத்தாமலே அப்பா தறியிலிருந்து விடை சொல்வார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்தாவதோடு நின்றவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பதினொரு மணிக்கு இடைவேளை. ஆனால் அது விளையாட்டுக்கான இடைவேளை அன்று. “தார் தீர்ந்து போச்சு, ரெண்டு சுத்திக் குடும்மா” என்று குரல் வரும். நான் எழுந்தால் வகுப்பே கலைந்துவிடும் என்று தங்கையை அனுப்புவேன். இரண்டு தார் நான்காகும், நான்கு பத்தாகும். அவள் திரும்பி வரும்போது மதியச் சோற்றுக்கு நேரமாகியிருக்கும். பிற்பகலில் கல்வித் தொலைக்காட்சி. மின்சாரம் இருந்து, தம்பியும் தூங்காமல் இருந்தால் பார்ப்போம். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. நூல் வாங்கவும், நெய்த சேலையைக் கொடுக்கவும் அப்பா ஆரணிக்குப் போனால் அதுவும் அவருடன் போய்விடும். ஆகவே என் ஆசிரியை காலையில் அனுப்பிய பாடத்தை நான் இரவு ஒன்பது மணிக்குத்தான் பார்ப்பேன். பார்க்கும்போதே கண் சொக்கும். ‘நாளை படிக்கலாம்’ என்று படுத்துவிடுவேன். நாளையும் இப்படியே போகும்.

இப்படிக் கற்றதில் நன்மையே இல்லையா? உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். குழந்தை காதால் கேட்டுக் கற்பதைவிடக் கையால் செய்து கற்கும் என்பது அவர் காட்டிய வழி. தண்ணீர் ஊற்றுதல், பொத்தான் போடுதல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளையே அவர் பாடமாக்கினார். அப்படிப் பார்த்தால் தறி வீட்டைப் போல் நல்ல பள்ளி வேறு உண்டா? எண், நிறம், அளவு, ஒழுங்கு, பொறுமை எல்லாம் அங்கே இருக்கின்றனவே!

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. குழந்தை எண்ணக் கற்பதற்காகத் தாரைக் கையில் கொடுப்பது கல்வி. தார் வேண்டும் என்பதற்காகக் குழந்தையைக் கூப்பிடுவது வேலை. எங்கள் வீட்டில் பத்து மணிக்குக் கல்வியாக இருந்த அதே தார்க்குச்சி பதினொரு மணிக்கு வேலையாக மாறிவிட்டது. பெற்றோர் கொடியவர் என்பதால் அன்று. அடுப்பு எரிய வேண்டுமே என்பதால்.

இது இன்று நேற்று எழுந்த சிக்கலும் அன்று. 1822இல் சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தின் கல்வி நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். சென்னை நகரில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கற்றவர் 26,963 பேர் என்று கணக்கு வந்தது. அது மிகையாக இருக்கும் என்று மன்றோவே ஐயுற்றார். எண்ணிக்கை எப்படியிருந்தாலும், அதில் ஓரிடத்தில் என் கண் நின்றுவிட்டது. அத்தனை பேரில் பெண்கள் 517 பேர் மட்டுமே! நாளெல்லாம் வீட்டில் இருந்தவர்கள் பெண்கள். வீட்டில் கற்றவர்களோ ஆண்கள். வீட்டில் இருப்பது வேறு, வீட்டில் கற்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து 1953ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அன்றைய முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிகுதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இருக்கும் பள்ளிகளிலேயே அதிகப் பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலும் மதிப்புப் பெறும் என்பது அவர் தரப்பு நியாயம். தந்தை செய்த தொழிலிலேயே பிள்ளையையும் கட்டிப்போடும் ‘குலக்கல்வித் திட்டம்’ இது என்று பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. நெசவை நான் தாழ்வாக எண்ணவில்லை. அப்பாவின் கைத்திறன் எனக்குப் பெருமையே. ஆனால் நெய்வதா, வேறு தொழில் செய்வதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கு வேண்டும். அரசு கைவிட்ட அரைநாள் பள்ளியை, நோய் வந்து எங்கள் தெருவில் மீண்டும் திறந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 நவம்பரில் பள்ளிக்குத் திரும்பினோம். தம்பி எழுத்துக் கூட்டி வாசித்தான். ஆனால் வரிசையில் நிற்கத் தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் அழுதான். தன் வயதுப் பிள்ளைகளோடு பேசவும், விட்டுக் கொடுக்கவும், சண்டையிட்டுச் சேரவும் எங்கள் நடையில் அவனுக்கு யார் கற்றுக் கொடுப்பது? நானோ எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கரும்பலகையில் ஏறியபோது, அறியாத மொழியைப் பார்ப்பதுபோல் விழித்தேன். இருவருக்குப் பாடம் சொன்ன ஏழாம் வகுப்புக்காரிக்கு ஏழாம் வகுப்புப் பாடம் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. மதிய இடைவேளைகளை எனக்காகக் கொடுத்த ஓர் ஆசிரியையால் நான் கரையேறினேன். என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட தோழி ஒருத்தி வரவேயில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் அவள் கை தறிக்குப் பழகிவிட்டது. அவள் கூலிக்கு அவள் வீடும் பழகிவிட்டது.

“அப்படியானால் வீட்டில் வைத்துக் கற்பிப்பதே தவறா?” என்று கேட்பீர்கள். தவறன்று. இன்று பெருநகரங்களில் சிலர் விரும்பியே பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கின்றனர். பிற்பாடு தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக அப்பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவும் முடிகிறது. அங்கே தாயோ தந்தையோ அன்றாடம் பல மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்குகின்றனர். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தையும் பாருங்கள். தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளின் குடியிருப்புக்கு அருகிலேயே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் பெற்றனர். நேரம் இன்னது, ஆசிரியர் இன்னார், அவர் உழைப்புக்கு ஈடு இவ்வளவு என்று அங்கே குறித்திருந்தது. எங்கள் வீட்டில் இம்மூன்றும் குறிக்கப்படவில்லை. அதனால் அந்த நேரம் முழுவதும் மூத்த மகளின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

ஆகவே என் கருத்து இதுதான்: யாரேனும் ஒருவர் தம் நேரத்தைக் கொடுத்தால் வீடும் பள்ளியாகும். ஆனால் அந்த நேரத்தை இன்னொரு பெண்ணின் படிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கலாகாது.

பெற்றோரை வணங்கிக் கேட்கிறேன். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குடும்பத் தொழிலில் உதவுவதாயினும் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான், அதுவும் அபாயமில்லாத வேலையாக, படிப்புக் கெடாதபடி என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. சட்டத்துக்கு அஞ்சி அல்ல, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மாலையில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரம் தார், தண்ணீர், பாத்திரம் எதற்கும் எந்தப் பிள்ளையையும் கூப்பிடாதீர்கள். படித்துக் கொடுக்கத் தெரியாவிட்டாலும் அருகில் அமர்ந்து, “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்கலாமே! வேலை பகிர வேண்டி வந்தால் ஆண்பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள்.

மதிப்புக்குரிய அருட்சகோதரிகளையும் ஆசிரியைகளையும் ஒன்று வேண்டுகிறேன். முதல் பாட வேளையில் ஒருத்தி கண்ணயர்ந்தால் கடிந்துகொள்ளும் முன், இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று கேளுங்கள். அன்புத் தங்கையரே! தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள். அது இன்பமான பணி. ஆனால் அவர்கள் புத்தகத்தைத் திறப்பதற்காக உங்கள் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

பள்ளி திறந்த அந்த ஆண்டு என் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அப்பா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் மாலை ஏழு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டார். அன்று முதல் இன்றுவரை ஏழிலிருந்து எட்டு வரை எங்கள் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட தம்பி விடுமுறை நாளில் இரண்டு தார் சுற்றிக் கொடுக்கிறான். நான் பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

— மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி, முள்ளிப்பட்டு