புல்லட் ஓட்டலாம், புல்லட் செய்யலாமா?

ஒரகடம் ரோட்டில் நின்றால் நிமிஷத்துக்கு ஒரு புல்லட் போகும். எல்லாம் இரண்டு சக்கரம் வைத்தது! 2013-ல் ராயல் என்ஃபீல்ட் ஆலை இங்கே வந்ததிலிருந்து கேட்கவே வேண்டாம். அந்தக் கம்பெனிக்கும் துப்பாக்கிக்கும் பழைய சொந்தம் உண்டு. 1890-களில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில், என்ஃபீல்ட் அரசு துப்பாக்கி ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்துப் பிழைத்த கம்பெனி அது. பெயரே அங்கிருந்து வந்ததுதான். 'துப்பாக்கி போலச் செய்தது' என்பது விளம்பர வாசகம்.

இந்த வாசகத்தை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்ட வாலிபர்கள் சிலர் நம் வட்டாரத்தில் உண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்தால் தூக்கம் வராது. செல்போனில் அமெரிக்க வீடியோ ஓடும். அப்படி ஒரு தம்பி என்னிடம் வந்தார்.

"அண்ணே, அங்கெல்லாம் சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, வீட்லயே மறுபடி ரொப்பிக்கிறாங்க. பாதி செலவுதானாம். நம்மகிட்ட லேத் தெரிஞ்ச பசங்க இருக்காங்க. நீங்க பி.காம்., பட்ஜெட் போட்டுக் குடுங்க."

"துப்பாக்கி இருக்கா தம்பி?"

"அது அடுத்த ஸ்டெப்புண்ணே!"

பட்ஜெட் கேட்டால் போடாமல் விடக்கூடாது. போட்டேன். ஒரு தோட்டாவில் நாலு சரக்கு: பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் பொறி கிளப்பும் பிரைமர், மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் மூன்று காலி. கூடு மட்டும் கோலி சோடா பாட்டில் மாதிரி திரும்பி வரும். நாலில் விலை கூடுதல் அதுதான் என்பதால் அமெரிக்கக்காரர் அதைக் குனிந்து பொறுக்குகிறார்.

ஆனால் மிஷின், அச்சு, தராசு என்று முதல் போட வேண்டுமே? கணக்குக்காக 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவுக்கு 15 ரூபாய் மிச்சம் என்றால், 2,000 தோட்டா சுட்ட பிறகுதான் போட்ட முதல் கைக்கு வரும். 'ரீலோடிங்கில் செலவு குறையாது, அதே காசுக்கு நிறையச் சுடுவோம்' என்று அங்கேயே ஜோக் உண்டு.

அது அவர்கள் ஊர் பேலன்ஸ் ஷீட். நம் ஊரில் பொறுப்புகள் பக்கத்தில் இன்னொரு ஐட்டம் எழுத வேண்டும்: 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதன்படி தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமில்லை. அதன் பாகங்களும், அதைச் செய்கிற இயந்திரமும்கூடத் தோட்டாதான்! லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். ஏழு வருஷச் சம்பளம், பி.எஃப்., போனஸ் எல்லாவற்றையும் கூட்டி, மிச்சம் பிடித்த பதினைந்து ரூபாயால் வகுத்துப் பாருங்கள். கால்குலேட்டர் மயக்கம் போடும். நட்புக்காக லேத் ஓட்டிக் கொடுத்த பையனும் உள்ளே வருவான், அது தனிக் கணக்கு.

சட்டத்தை விடுங்கள், மருந்து சும்மா விடுமா? அளவு சற்றே கூடினால் குழல் வெடிக்கும். கன்னம் அதில் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து! தம்பி வேலை பார்ப்பது குவாலிட்டி செக்ஷனில். அங்கே தப்பான பீஸை ரீவொர்க்குக்கு அனுப்பலாம். கண்ணை எந்த டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்புவது? நீலகிரி அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக வெடிமருந்து செய்யும் கார்டைட் ஆலை இருக்கிறது. அத்தனை விதி, அத்தனை அனுபவம் இருந்தும் அங்கேயே விபத்து நடந்ததுண்டு. நாம் செய்யப்போவதோ மூன்று பேர் படுக்கும் ரூமில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில்.

இன்னொன்றும் சொன்னேன். அதில் சிரிப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21-ம் தேதி ராத்திரி என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு, கூட்டத்துக்கு வந்தவர்களும் உண்டு. இந்த ஊரில் உட்கார்ந்து 'சும்மா ஒரு ஹாபிக்கு மருந்து ரொப்பினேன்' என்றால் எந்த இன்ஸ்பெக்டரும் டீ வாங்கிக் கொடுக்க மாட்டார்.

தம்பி முகம் வாடிவிட்டது. ஆசையைக் குற்றம் சொல்ல முடியாது. நாளெல்லாம் கன்வேயர் சொன்னபடி கை ஆடுகிறவனுக்கு, தன் கை தன் சொல்படி நிற்கிறதா என்று பார்க்க ஒரு விளையாட்டு வேண்டும்தானே? அதற்கு வழி இருக்கிறது.

ஏர் ரைஃபிள். மருந்தில்லை, பிரைமர் இல்லை. காற்றுதான் தள்ளுகிறது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் சக்திக்கு உட்பட்டதற்கு லைசென்ஸ் வேண்டாம். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்தால் போதும். அதற்காக லாட்ஜ் மாடியில் நின்று காக்காய் சுடக்கூடாது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தால் முதலில் துப்பாக்கி வாங்கவே வேண்டாம். கிளப் துப்பாக்கி கிடைக்குமா என்று விசாரியுங்கள். கண்ணாடி போடுங்கள். பெல்லட் ஈயம், சுட்ட கையோடு பஜ்ஜி எடுக்காமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இதில் சவால் இல்லை என்று நினைத்தால், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அறுபது முறை அதைத் தேட வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதைத் தேடித்தான் இரண்டு ஒலிம்பிக்ஸ் போனார். 2024-ல் பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்த ஆள். நம்மைப் போல மாதச் சம்பளம்தான்!

பட்ஜெட்டா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, ஆடாமல் நில்லுங்கள். போட்டிக்கான ஏர் பிஸ்டல் ஏறக்குறைய அந்த எடைதான். முதல் நாள் பத்து விநாடியில் கை தந்தியடிக்கும். ஒரு மாதம் விடாமல் செய்தால் அடங்கும். செலவு பூஜ்யம். மாதக் கடைசி 28-ம் தேதியிலும் கட்டுப்படியாகிற ஹாபி வேறு எது, சொல்லுங்கள்!