ரெண்டு ஷேடு ஏத்திப் போடாதீங்க தாயே!

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். மேக்கப்புக்கு எதிராக நான் கொடி பிடிக்கவில்லை. கண்மை இல்லாமல் நான் காலேஜ் பஸ் ஏறியதே இல்லை என்பது என் கிளாஸ் பசங்களுக்குத் தெரியும் :-) என் சண்டை ஒரே ஒரு வாக்கியத்தோடுதான். நம்ம ஊர் மணப்பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு பார்லர் அக்காக்கள் சொல்வார்களே, அது: "உங்க கலரை விட ரெண்டு ஷேடு ஏத்திப் போடறேன்மா, அப்பதான் போட்டோவுல நல்லா வரும்."

பொய். போட்டோ மேல போடுற வீண் பழி.

ரெண்டு ஷேடு ஏத்தினால் படத்தில் நிஜமா என்ன வருது? முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர், மருதாணி வைத்த கை மூணாவது கலர். நேரில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம். கேமரா விடாது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அடியில் மஞ்சளோ செம்மண்ணோ ஒரு சாயல் உண்டு. அதன்மேல் ரோஸ் கலந்த வெளிர் ஃபவுண்டேஷனைப் பூசினால் சிவப்பழகு வராது, சாம்பல்தான் வரும். திருநீறு பூசி அரைகுறையாகத் துடைத்த மாதிரி.

போதாக்குறைக்கு ஃபிளாஷ்பேக். சினிமாவில் வருகிற ஃபிளாஷ்பேக் இல்லீங்க. வெயிலுக்குப் பூசுகிற பல கிரீம்களில் டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும். 'ஹெச்.டி.' என்று விற்கிற பவுடர் பலதில் சிலிக்கா இருக்கும். ஃபிளாஷ் அடித்ததும் இவை வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. படத்தில் மூக்கைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழேயும் வெள்ளைத் திட்டு. இந்த விபத்து ஹாலிவுட் நடிகைகளுக்கே நடந்திருக்கு.

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. ஆரம்பகால கறுப்பு வெள்ளை பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த உதடு கறுப்பாக வரும், மாநிற முகம் இருண்டு போகும். அதனால் அப்பிப் பூசினார்கள். 1920-களில் எல்லா நிறத்தையும் பிடிக்கிற பான்குரோமாட்டிக் பிலிம் பரவியது. 1930-களில் கலர் படத்துக்கென்று மேக்ஸ் ஃபேக்டர் பான்கேக்கைக் கொண்டுவந்தார். ஜெமினி ஸ்டுடியோவில் அந்தப் பான்கேக் பட்ட பாட்டை அசோகமித்திரன் நக்கலடித்திருப்பார். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த நண்பர்களுக்கு நினைவிருக்கும்.

கலர் பிலிம் வந்த பிறகும் ஒரு வில்லங்கம் இருந்தது. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு 'ஷர்லி கார்டு' என்று ஒரு பெண்ணின் படத்தை அனுப்பியது. அதைப் பார்த்துத்தான் பிரிண்டின் நிறத்தைச் சரிசெய்வார்கள். பல காலம் அந்தக் கார்டில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் மட்டுமே. அவள் தோல் சரியாக வந்தால் போதும், மற்றவர்கள் முகம் எப்படி வந்தால் யாருக்கென்ன? ஆக, குறை பிலிமிலும் லேபிலும் இருந்தது, நம்ம தோலில் இல்லை. அந்த பிலிம் கேமராவெல்லாம் பரணுக்குப் போயாச்சு. 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6 போனை, எல்லாத் தோல் நிறத்தையும் உள்ளபடி காட்டும் என்று சொல்லியே விற்றது. கேமரா திருந்தப் பார்க்குது, நாம இன்னும் பவுடர் டப்பாவை விடலை.

"இல்லப்பா, மண்டபத்துல எடுத்தா முகம் இருட்டாத்தானே வருது?" வரும். கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைத் திரை, பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டை என்றால் எல்லாத்தையும் குறைக்கும், கூடவே முகமும் இருளும். அதற்கு மருந்து எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுவது, விளக்கைச் சரியான இடத்தில் வைப்பது. போட்டோகிராஃபர் செய்ய வேண்டிய வேலையை மணப்பெண்ணின் கன்னத்தில் ஏற்றுவது என்ன நியாயம்?

இன்னொன்று. மாப்பிள்ளைக்கும் அதே மேடை, அதே கேமரா, பல ஜோடிகளில் அதே நிறம். அவருக்கு யாராவது ரெண்டு ஷேடு ஏற்றுகிறார்களா? லேசா வியர்வையைத் துடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்ப இது கேமரா விஷயம் இல்லைன்னு தெரியுதா?

"பொண்ணே கேக்குதே, அது விருப்பம்தானே?" என்பார்கள். அவள் வயிற்றில் இருக்கும்போதே குங்குமப்பூ பால் குடித்த ஊர் இது. 1975-லிருந்து விற்ற கிரீமின் பேரில் இருந்த 'ஃபேர்' போக 2020 வரை ஆச்சு. இத்தனைக்கு நடுவில் வளர்ந்தவள் கேட்பதை முழுக்க அவள் விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பெரியம்மா பொண்ணு அப்படியே அவள் அப்பா ஜாடை, அப்பா நிறம். அவள் கல்யாணமான அடுத்த வருஷம் பெரியப்பா தவறிவிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கிற நல்ல படம் கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான் இருக்கு. அதில் அவர் அவராக இருக்கிறார். பக்கத்தில் நிற்பது யாரோ. இதைத் திரும்ப எடுக்க முடியுமா?

நம்ம ஊர்க் கோயில் சிலை கருங்கல். அர்ச்சகர் அதற்குச் சுண்ணாம்பா அடிக்கிறார்? எண்ணெய்க் காப்பு சாத்தி தீபம் காட்டுகிறார். மூக்கிலும் கன்னத்திலும் ஒளி வழுக்கி ஓடும்போது முகம் எழுந்து வருகிறது. கறுப்பு அழகாகத் தெரிவது பளபளப்பில். பார்லரில் முதல் வேலையாக அதைத்தான் பவுடர் போட்டு அணைக்கிறார்கள். என்ன கொடுமை சார் இது!

சும்மா திட்டிவிட்டுப் போகக் கூடாது இல்லையா, இதோ:

1. தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் தடவி, பகல் வெளிச்சத்தில் ஷேடு பாருங்கள். தடவியது எங்கே என்று தெரியாமல் போனால் அதுதான் உங்கள் ஷேடு. "அடர் நிறமெல்லாம் வராது" என்ற சாக்கு எடுபடாது, 2017-லேயே ஃபென்டி 40 ஷேடோடு இறங்கியாச்சு.

2. கருவளையத்துக்கு முதலில் ஆரஞ்சு கரெக்டர். நேரடியாக வெளிர் கன்சீலர் போட்டால் சாம்பல்தான்.

3. பவுடர் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும். கன்ன மேட்டை விட்டுவிடுங்கள்.

4. உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். பலமான வெளிச்சம் அதில் பாதியைத் தின்றுவிடும்.

5. ட்ரையல் அன்றே விளக்கை அணைத்து, போனில் பியூட்டி மோடையும் அணைத்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பவுடரை மாற்றச் சொல்லுங்கள்.

6. ஆல்பம் போடுபவரிடம் "கலர் ஏத்த வேண்டாம்" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் யாராவது "ரெண்டு ஷேடு ஏத்தட்டுமா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேளுங்கள்: "மாப்பிள்ளைக்கும் ஏத்துவீங்களாக்கா?"

என்ன பதில் வருதுன்னு எனக்கும் சொல்லுங்க :-)