விதையின் தாய் யார் கையில்?

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற யுத்தத்தின் இழப்புகளைக் கணக்கிடுவோர் உயிர்களையும் வீடுகளையும் காணிகளையும் எண்ணுகின்றனர். அதுவே முறை. எனினும், கிளிநொச்சியிலிருந்து கடற்கரை வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்த மக்கள் வழியில் விட்டுச் சென்றவற்றுள் விதையும் ஒன்று. அடுத்த போகத்துக்கென எடுத்து வைத்திருந்த நெல்லும் குரக்கனும் பயறும் அவற்றோடு போயின. மீள்குடியேறியபோது விதைநெல் நிவாரணப் பொருளாக வந்தது. அன்று அது பேருதவி. ஆனால் தன் விதையைத் தானே வைத்திருந்த உழவன் விதைக்காகக் கையேந்த வேண்டியவனானான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகப் பிரகடனம் செய்தது. குரக்கன், சாமை, தினை, வரகு என நாம் மறந்திருந்த பெயர்கள் மீண்டும் நாவில் புரளத் தொடங்கியுள்ளன. விளைச்சலைக் கூட்டக் கலப்பின விதையே வழி என்ற வாதமும் இவற்றுடன் சேர்ந்தே வரும். அதை எடுத்த எடுப்பில் ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அயல்நாடான இந்தியாவில் கம்புப் பயிர் பட்ட பாட்டை அறியாமல் அதை ஏற்றுக்கொள்வதும் விவேகமாகாது.

கலைப்பீடத்தில் கற்ற எமக்கு இந்த விஞ்ஞானம் எளிதில் பிடிபட்டதல்ல. ஆயினும் அதன் சாரம் கடினமானதன்று. கம்பின் ஒரு கதிரில் நுண்ணிய பூக்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அவற்றிலிருந்து மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, வயல் வயலாகக் கலப்பின விதை உண்டாக்க இயலாது. இயற்கையே ஒரு குறுக்குவழியைத் தந்தது. சில செடிகளில் மகரந்தம் வளமற்றுப் போகிறது. இந்த ஆண்மலட்டுக்குக் காரணம் கலத்தின் கருவில் அன்று, குழியவுருவிலுள்ள இழைமணியில் இருக்கிறது. ஆகவே அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். மலட்டுச் செடியைப் பெருக்க அதன் மறுபிரதி போன்ற ‘பேணும் வழி’ ஒன்று வேண்டும். உழவனின் வயலில் மணி பிடிக்க வேண்டுமாயின் தந்தையாக ‘மீட்கும் வழி’ ஒன்று வேண்டும். அதன் கருவிலுள்ள பரம்பரையலகு மகரந்தத்தின் வளத்தைத் திருப்பித் தரும். இம்மூன்றையும் கையில் வைத்திருப்பவரே விதையின் எசமானர். கலப்பினக் கம்பில் விளைந்த மணியை மறுபோகம் விதைத்தால் பயிர் ஒருசீராக வராது, வீரியம் குன்றும், சில செடிகளில் மலடும் தலைகாட்டும்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பேர்ட்டன் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ என்பதே அத்தகைய தாய். அதைக் கொண்டு பஞ்சாப்பின் லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் உருவாக்கிய எச்.பி.1 கலப்பினம் 1965இல் வெளியானது. தொடர்ந்து வந்த எச்.பி. வரிசைக் கலப்பினங்களுக்கும் தாய் அதுவே. 1970–71இல் இந்தியாவின் கம்பு விளைச்சல் சுமார் 80 இலட்சம் தொன்னை எட்டியது. 1971இல் அடிச்சாம்பல் நோய் பரவியது. மணி பிடிக்க வேண்டிய கதிர்கள் இலைக்கொத்துகளாக மாறி நின்றன. தொடர்ந்து வந்த வரட்சியும் சேர்ந்துகொள்ள, விளைச்சல் பெருவீழ்ச்சி கண்டது. தந்தைகள் பலர் இருந்தும் தாய் ஒருத்தியே என்பதால், அவளது பலவீனம் பிள்ளைகள் எல்லாரிடமும் இருந்தது.

இங்கு ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். பின்னர் நடந்த ஆய்வுகள் அந்த மலட்டுக் குழியவுருவைக் குற்றவாளியாகக் காணவில்லை. நோய்க்கு இடங்கொடுத்தது அத்தாயின் கருவிலிருந்த பரம்பரையலகுகளே. 1970இல் அமெரிக்கச் சோளத்தில் நிகழ்ந்ததோ வேறு. அங்கு டெக்சாஸ் குழியவுருவின் இழைமணிப் பரம்பரையலகே பயிரை இலைக்கருகல் நோய்க்குக் காட்டிக் கொடுத்தது. அவ்வாண்டு அந்நாட்டுச் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. காரணம் வேறாயினும் இரண்டு நாடுகளும் ஒற்றைத் தாயையே நம்பியிருந்தன. கம்பில் வளமீட்பு அரைகுறையாக அமைந்தாலும் ஆபத்து உண்டு. மகரந்தம் வந்துசேரத் தாமதிக்கும் பூவில்தான் தேனொழுகல் நோயின் பங்கசு எளிதில் புகுகிறது.

இந்தியா மீண்டது, விஞ்ஞானத்தைக் கைவிட்டு அன்று. கதிர்வீச்சினால் டிஃப்ட் வழியிலிருந்தே நோய் தாங்கும் புதிய தாய்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிறுவனம் பலவகைத் தாய்களைத் தேடியது. கலப்பினமல்லாத, உழவர் தாமே விதை எடுத்து வைக்கக்கூடிய டபிள்யூ.சி.–சி75 என்ற கம்பு இரகமும் 1982இல் வெளியாகிப் பெரும்பரப்பில் பயிரானது. இதற்கெல்லாம் ஆய்வு நிலையங்களும் ஆண்டுகளும் ஆளணியும் அந்நாட்டிடம் இருந்தன.

வன்னியிடம் என்ன இருக்கிறது? இலங்கையில் சோளச் செய்கை இறக்குமதியான கலப்பின விதையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அவ்விதைகளின் தாய்வழியும் தந்தைவழியும் கடல்கடந்த நிறுவனங்களின் பெட்டகத்தில் உள்ளன. ஒரு கப்பல் தவறினால், டொலர் தட்டுப்பட்டால் (2022இல் நாம் அதைக் கண்டோம்) மேட்டுநிலம் தரிசாகக் கிடக்கும்.

குரக்கன் அந்நிலைக்கு இன்னமும் வரவில்லை. அதன் பூ தன்மகரந்தச் சேர்க்கை கொண்டது. கலப்பினமாக்குவது கம்பைப்போல் எளிதன்று. ஆகவே விளைந்த மணியையே உழவர் மீண்டும் விதைக்கலாம். கர்நாடகத்தின் மாண்டியாவில் லட்சுமணய்யா இந்தியக் குரக்கனையும் ஆபிரிக்கக் குரக்கனையும் இணைத்து உருவாக்கிய ‘இண்டாப்’ இரகங்கள் இதற்குச் சான்று. இணைப்பின் பயனும் கிடைத்தது; விதையும் உழவர் கையிலேயே நின்றது.

இவ்வழியில் நமக்கும் வேலை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இயங்குகிறது. கன்னொறுவையில் தாவர மரபு வளங்கள் நிலையம் உள்ளது. வன்னியின் பழைய குரக்கன், சாமை வகைகளுள் எவை அங்கே பேணப்பட்டுள்ளன என்று பார்த்து, உள்ளவற்றை இம்மண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதியவர்களின் வீடுகளில் எஞ்சியிருப்பவற்றையும் தேட வேண்டும். கலப்பின விதையைப் பரிந்துரைக்கும்போது, அதன் தாய்வழி ஒன்றா பலவா என்பதை விவசாயத் திணைக்களம் உழவருக்குத் தமிழில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெரும்போக விதைப்புக்கு முன்னர் விவசாயப் போதனாசிரியர்கள் நடத்தும் கூட்டங்களிலேயே இதைத் தொடங்கலாம். அதற்கெனத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.