வலியோர் வகுத்ததே நியதியா?

தவக்கால ஞாயிறு ஒன்றில், உக்ரைனிலும் காசாவிலும் அமைதி நிலவ நம் பங்கில் மன்றாடினோம். திருப்பலிக்குப் பின் இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். "சுவாமி, மன்றாட்டு நல்லதுதான். ஆனால் நாடுகளுக்கிடையே அறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே வலிமைதான் வழக்கு. இது என் சொந்தக் கருத்தன்று, பன்னாட்டு உறவியல் கண்ட முடிவு" என்றார். அன்று நான் புன்னகைத்து அனுப்பிவிட்டேன். அது தவறு. அவருக்குரிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன். ஏனெனில் அவர் சொன்னதை நம்மில் பலர் பட்டம் பெறாமலேயே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இத்துறை பிறந்த இடத்தை முதலில் நினைவுகூர்வோம். 1919-ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் என்னும் சிறு கடற்கரை நகரத்துக் கல்லூரியில், பன்னாட்டு அரசியலுக்கென முதல் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக, டேவிட் டேவிஸ் என்பவரும் அவருடைய சகோதரியர் இருவரும் 20,000 பவுண்டு வழங்கினர். இப்படி ஒரு கொலைக்களம் இனியும் நேராமல் தடுப்பது எப்படி என்ற கேள்வியே இத்துறையின் தொட்டில்.

அத்தொட்டில் மாசற்றது என்று நான் கூறவில்லை. இன்று பெரும் புகழ் பெற்ற 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழின் முன்னோடி, 1910-இல் இனங்களின் வளர்ச்சியை ஆராயும் ஏடு என்ற பெயரோடுதான் தொடங்கியது. ஆள்வோரின் சாளரத்தருகே நின்று உலகைப் பார்க்கும் பழக்கம் இத்துறைக்கு அன்றே இருந்தது.

உலக நாடுகளின் சங்கமும் நல்லெண்ணமும் போரை ஒழித்துவிடும் என்று முதல் தலைமுறையினர் நம்பினர். அந்நம்பிக்கையைக் கடுமையாகச் சாடியவர் ஈ. எச். கார். அதே அபெரிஸ்ட்வித் பதவியில் 1936-இல் அமர்ந்தவர் அவர். விருப்பத்தை உண்மையென மயங்காதீர்கள், அதிகாரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள் என்று 1939-இல் வெளிவந்த தம் நூலில் எச்சரித்தார். எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அதே நூலில், ஹிட்லரோடு 1938-இல் செய்துகொண்ட மியூனிக் உடன்பாட்டை அமைதியான மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகவும் காட்டினார். நூல் வெளிவருமுன்பே, 1939 மார்ச்சில், ஹிட்லரின் படை பிராகாவுக்குள் நுழைந்துவிட்டது. 1946-இல் வந்த மறுபதிப்பில் மியூனிக் பற்றிய அப்பகுதிகள் காணப்படவில்லை. வலிமையை வணங்குவோரும் கனவு காண்போரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1948-இல் ஹான்ஸ் மார்கந்தோ யதார்த்தவாதத்தை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதர் அவர். மனிதரின் ஆதிக்க வெறியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் காலத்து யதார்த்தவாதிகளுக்கு வழிகாட்டியாக விளங்கியவர் புரோட்டஸ்டாண்டு இறையியலார் ரெய்ன்ஹோல்ட் நீபர். நீபரோ புனித அகுஸ்தினாரிடம் கற்றவர். மனிதர் பாவிகள், ஆகவே அரசுகளும் பாவம் செய்யும் என்ற உண்மை அங்கிருந்துதான் இத்துறைக்குள் வந்தது. அகுஸ்தினாரிடம் இன்னொரு பாதியும் உண்டு: நீதியைக் கைவிட்ட அரசுக்கும் கொள்ளைக் கூட்டத்துக்கும் அளவில் மட்டுமே வேறுபாடு. பின்வந்தோர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கீழே போட்டுவிட்டனர். மார்கந்தோ அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வியட்நாம் போரை அவர் வெளிப்படையாக எதிர்த்தார்.

1979-இல் கென்னத் வால்ட்ஸ் ஒரு படி மேலே சென்றார். நாடுகளுக்கு மேல் ஆட்சி இல்லை. அந்தக் கட்டமைப்பே அவற்றை நெருக்குகிறது என்றார். இங்கேதான் என் சினம் முழுமையடைகிறது. பாவி என்று சொன்னால் மனந்திரும்ப ஒரு மனிதனாவது இருப்பான். கட்டமைப்பு என்று சொல்லிவிட்டால் குற்றவாளியே இல்லை. குண்டு தானே விழுந்தது, பிள்ளை தானே மாண்டது! இரு வல்லரசுகளின் அமைப்பு நிலையானது என்று அவர் கருதினார். பத்தே ஆண்டில் பெர்லின் சுவர் வீழ்ந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது.

நேர்மையோடு மற்றொன்றையும் ஒப்புக்கொள்வோம். 2003-இல் ஈராக்கின்மீது போர் தொடுத்தவர்கள் விடுதலை, மக்களாட்சி என்ற இலட்சியச் சொற்களையே உதிர்த்தனர். அப்போரைத் தடுக்க 2002 செப்டம்பரிலேயே நாளிதழ் விளம்பரம் கொடுத்த 33 அறிஞருள் வால்ட்சும் ஒருவர். ஆகவே யதார்த்தவாதிகள் அனைவரும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய எச்சரிக்கை வேண்டும்; அதை விதியாக்கும் பிழை வேண்டாம்.

விதி அன்று என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. தென்னமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாயருகே உள்ள மூன்று சிறு தீவுகளுக்காக, 1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்பில் நின்றன. இரண்டையும் ஆண்டவை இராணுவ அரசுகள். அர்ஜென்டினாவின் படைகள் புறப்பட்டேவிட்டன. அந்நேரத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், முதியவரான கர்தினால் அந்தோனியோ சமோரேயைத் தூதராக அனுப்பினார். போர் நின்றது. பேச்சு ஆறு ஆண்டுகள் இழுத்தது. 1982-இல் ஃபாக்லாந்துப் போரில் அர்ஜென்டினா தோற்றது. மறு ஆண்டு அங்கே மக்களாட்சி மீண்டது. 1984 நவம்பர் 29 அன்று வத்திக்கானில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமோரே அதைக் காண உயிரோடில்லை.

"அர்ஜென்டினா தோற்று மெலிந்ததால்தானே இசைந்தது?" என்று நம் இளைஞர் கேட்பார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் வந்து சேரும்வரை இரு நாட்டு இளைஞரையும் உயிரோடு வைத்திருந்தது எது? படையேதும் இல்லாத ஒரு தூதரின் பொறுமை அல்லவா? அமைதிப் பணி பெரும்பாலும் காலத்தை வாங்கித் தரும் பணியே. வாங்கிய காலத்தில் மனங்கள் மாறுகின்றன, ஆட்சிகள் மாறுகின்றன, முடியாதது முடிகிறது.

இன்று அத்துறையிலேயே இக்குரல் ஒலிக்கிறது. மேலாட்சி இல்லாத நிலை எத்தகையதாக அமையும் என்பதை நாடுகளே தங்கள் உறவால் ஆக்கிக்கொள்கின்றன என்று 1992-இல் அலெக்சாண்டர் வென்ட் வாதிட்டார். பிரிட்டனின் நூற்றுக்கணக்கான அணுகுண்டுகளுக்கு அஞ்சாத அமெரிக்கா, வடகொரியாவின் சில குண்டுகளுக்கு அஞ்சுகிறது. குண்டின் எண்ணிக்கையைவிட உறவின் தன்மையே அச்சத்தை அளக்கிறது. உறவு மனிதர் ஆக்குவது. ஆகவே மனிதரால் திருத்தவும் கூடியது.

தம்பி, நாடுகள் பாவம் செய்யும் என்று சொல்லுங்கள். நானும் பீடத்திலிருந்து அதையே சொல்கிறேன். பாவம்தான் இயல்பு, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்தித்தாளைப் படித்துவிட்டு "உலகம் அப்படித்தான்" என்று மடித்து வைக்கும் ஒவ்வொரு முறையும், ஆணையிட்டவருடைய பெயரை நாமே அழித்துவிடுகிறோம். யார் முடிவு செய்தார்கள், வேறு வழி இருந்ததா, யார் மடிந்தார்கள் என்று கேட்பதே நம் கடமை. அபெரிஸ்ட்வித்தில் மாண்ட மாணவருக்காக முதலில் எழுப்பப்பட்ட கேள்வியும் அதுவே.